மலிவு விலைத் திறன்பேசி உலகெங்கும் பொதுவாகுமா? கூலி நாட்களில் ஒரு கணக்கு

நல்ல தரமுள்ள திறன்பேசி ஏழைகளின் கைக்கு எட்டும் விலையில் உலகம் முழுவதும் கிடைக்கும் நாள் நெருங்கிவிட்டது என்று ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. 2024 ஜூலையில் குவால்காம் நிறுவனம் 99 டாலருக்கும் குறைவான 5ஜி திறன்பேசிகளுக்கென ஒரு சில்லை அறிவித்தது. அச்சில்லைக் கொண்ட ரெட்மி ஏ4 5ஜி அதே ஆண்டு நவம்பரில் 8,499 ரூபாய்க்கு இந்தியச் சந்தைக்கு வந்தது. 2025 அக்டோபரில் ஆப்பிரிக்காவின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களும், செல்பேசி நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏவும் 30 முதல் 40 டாலர் விலையில் ஒரு 4ஜி திறன்பேசி உருவாக வேண்டும் என்று கூறி, அதற்கான குறைந்தபட்சத் தகுதிகளை முன்வைத்தன.

இச்செய்திகள் பெரும்பாலும் தொழில்நுட்பப் பக்கங்களில் வெளிவந்து மறைந்துவிடுகின்றன. ஆனால் இது வெறும் கருவி பற்றிய பேச்சாக நம்மால் கடந்துவிடக்கூடிய ஒன்றன்று. நூறு நாள் வேலையின் வருகைப் பதிவு, கல்வி உதவித்தொகை விண்ணப்பம், குடும்ப அட்டைக்கான ஆதார் சரிபார்ப்பு, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு அறிவிப்பு ஆகிய அனைத்தும் இன்று திறன்பேசியின் வழியாகவே நகர்கின்றன. எனவே திறன்பேசி யாருக்குக் கிடைக்கிறது, எந்தத் தரத்தில் கிடைக்கிறது, கிடைத்தபின் அது யார் கையில் இருக்கிறது என்னும் கேள்விகள் உரிமை சார்ந்த கேள்விகளாகின்றன. அந்த நோக்கிலேயே நாம் இதனை ஆராய வேண்டியுள்ளது.

விலை சரிந்த கதை

2007ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஐஃபோன் 499 டாலருக்கு, அதுவும் இரண்டாண்டு ஒப்பந்தத்தோடு, விற்பனைக்கு வந்தது. 2011ஆம் ஆண்டில் கென்யாவில் ஹுவாவே நிறுவனத்தின் ஐடியோஸ் சுமார் 100 டாலருக்கு விற்கப்பட்டது. 2013 நவம்பரில் மோட்டோ ஜி 179 டாலருக்கு வந்தபோது, அந்த விலைக்கு அப்படியொரு தரம் கிடைக்கும் என்று எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. 2014 செப்டம்பரில் இந்தியாவில் கூகுளின் ஆண்ட்ராய்டு ஒன் திட்டத்தின் கீழ் மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் 6,399 ரூபாயிலிருந்து திறன்பேசிகளை விற்றன. அதே மாதம் ரெட்மி 1எஸ் 5,999 ரூபாய்க்கு வந்தது.

இவ்வளவு விரைவாக விலை சரிந்ததற்குச் சில காரணங்கள் உண்டு. தைவானின் மீடியாடெக் நிறுவனம் சில்லை மட்டும் விற்கவில்லை. சில்லோடு சேர்த்து முழுத் திறன்பேசிக்குமான வடிவமைப்பு வரைபடத்தையும் மென்பொருளையும் கொடுத்தது. ஆய்வுக்கூடமோ பெரும் பொறியாளர் படையோ இல்லாத சிறு நிறுவனமும் சீனாவின் ஷென்சென் நகரில் உதிரிபாகங்களை வாங்கித் தன் பெயரில் ஒரு திறன்பேசியைச் சந்தைக்குக் கொண்டுவர முடிந்தது. ஆண்ட்ராய்டு இயங்குதளத்திற்குத் தயாரிப்பாளர்கள் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கவில்லை. அதன் செலவை விளம்பர வருவாய் ஈடுசெய்தது. பல மலிவு நிறுவனங்கள் கருவியில் மிகக் குறைந்த லாபம் வைத்து, முன்கூட்டியே பதித்த செயலிகள் வழியாகவும் திரையில் தோன்றும் விளம்பரங்கள் வழியாகவும் பணம் ஈட்டக் கற்றுக்கொண்டன. அதாவது மலிவுத் திறன்பேசியின் விலையில் ஒரு பகுதியை வாங்குபவர் தன் கவனத்தாலும் தன் தரவுகளாலும் கட்டுகிறார். 8,000 ரூபாய்ப் பேசியில் விளம்பரங்கள் மொய்ப்பதும் 80,000 ரூபாய்ப் பேசியில் அவை அரிதாக இருப்பதும் தற்செயலன்று.

இணையத்தின் விலையும் இறங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ தன் சேவையைத் தொடங்குவதற்கு முன் ஒரு ஜிபி தரவுக்கு 200 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் அது 10 ரூபாய் அளவுக்குச் சரிந்தது.

இறங்காத தளம்

ஆனால் இந்தச் சரிவு ஓரிடத்தில் நின்றுவிட்டது. 2016 பிப்ரவரியில் நொய்டாவைச் சேர்ந்த ரிங்கிங் பெல்ஸ் என்னும் நிறுவனம் 251 ரூபாய்க்குத் திறன்பேசி தருவதாக அறிவித்தது. ஏழு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் குவிந்ததாக அந்நிறுவனம் கூறிக்கொண்டது. அத்தகைய தரமுள்ள கருவியைச் சுமார் 3,500 ரூபாய்க்குக் கீழ் விற்க இயலாது என்று செல்பேசித் தயாரிப்பாளர் சங்கம் அப்போதே எச்சரித்தது. ஓராண்டில் அந்நிறுவனத்தின் இயக்குநர் மோசடிப் புகாரில் கைது செய்யப்பட்டார். அந்தப் பதிவுகளின் எண்ணிக்கை உண்மையோ மிகையோ, இணையத்திற்குள் நுழைய மக்களிடம் எவ்வளவு வேட்கை இருந்தது என்பதை அந்நிகழ்வு காட்டிவிட்டது.

நேர்மையான முயற்சிகளும் அதே தளத்தில்தான் முட்டி நின்றன. கூகுளும் ஜியோவும் இணைந்து உருவாக்கிய ஜியோபோன் நெக்ஸ்ட் 2021 நவம்பரில் 6,499 ரூபாய்க்கு வந்தது. மிக மலிவான திறன்பேசி என்று எதிர்பார்க்கப்பட்ட அக்கருவி 2014ஆம் ஆண்டின் விலையிலேயே வந்து நின்றது. அதற்குப் பின் 2023 ஜூலையில் அறிமுகமான 999 ரூபாய் ஜியோ பாரத் ஒரு பட்டன் பேசி. ஆக, கடைசி வரிசையில் நின்றவர்களுக்கு வந்து சேர்ந்தது திறன்பேசி அன்று. அதன் ஒரு சிறு துண்டுதான்.

பட்டன் பேசியின் ஆயுளும் வேறொருவர் கையில் இருக்கிறது. 2017இல் அறிவிக்கப்பட்ட முதல் ஜியோபோன் கைஓஎஸ் இயங்குதளத்தில் இயங்கியது. அதில் வாட்ஸ்அப் கிடைக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. 2024 ஜூனில் கைஓஎஸ் செயலிக் கடையிலிருந்து வாட்ஸ்அப் விலக்கிக்கொள்ளப்பட்டது. கருவி பழுதாகவில்லை, மின்கலம் சாகவில்லை. ஆனாலும் அதை வாங்கியவருக்கு அதன் முதன்மையான பயன் போய்விட்டது.

திறன்பேசியிலும் இதுவே நிகழ்கிறது. குறைந்த நினைவகமுள்ள பேசிகளுக்கெனக் கூகுள் 2017இல் கொண்டுவந்த ஆண்ட்ராய்டு கோ, 512 எம்பி ரேம் உள்ள கருவியிலும் இயங்கும் என்று சொல்லப்பட்டது. 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 கோ பதிப்புக்குக் குறைந்தது 2 ஜிபி ரேம் தேவை. ஐந்து ஆண்டுகளில் நுழைவாயில் நான்கு மடங்கு உயர்ந்துவிட்டது. ‘நல்ல தரம்’ என்பது ஓரிடத்தில் நிற்கும் கம்பமாக இல்லை. ஏழை அதை எட்டும்போதெல்லாம் அது நகர்ந்துவிடுகிறது.

இப்போது இன்னொரு தடை சேர்ந்துள்ளது. மலிவுப் பேசியின் உற்பத்திச் செலவில் நினைவகச் சில்லுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான உயர்வகை நினைவகத்தை நோக்கி அச்சில்லுகளின் உற்பத்தியாளர்கள் திரும்பியதால் 2025ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து சாதாரண நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் பொது நுகர்வோருக்கான தன் க்ருஷியல் வணிகத்திலிருந்தே விலகப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. லட்சம் ரூபாய்ப் பேசியில் இந்த ஏற்றம் கரைந்துபோகும். எட்டாயிரம் ரூபாய்ப் பேசியில் கரைய இடமில்லை. பணக்கார நாடுகளின் புதிய எந்திரங்களும் ஏழையின் முதல் திறன்பேசியும் ஒரே தொழிற்சாலையின் சில்லுக்குப் போட்டியிடும்போது, யார் பின்னுக்குத் தள்ளப்படுவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எத்தனை நாள் கூலி?

விலையை ரூபாயில் பார்ப்பதைவிட உழைப்பில் பார்ப்பது நமக்கு உதவும். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட ஒரு நாள் கூலி 2014–15இல் 167 ரூபாய். அன்றைய 5,999 ரூபாய்த் திறன்பேசியை வாங்க ஏறத்தாழ 36 நாள் கூலி தேவைப்பட்டது. 2024–25இல் கூலி 319 ரூபாய். 8,499 ரூபாய்த் திறன்பேசிக்கு ஏறத்தாழ 27 நாள் கூலி. பத்தாண்டுகளில் குறைந்தது ஒன்பது நாள். இந்தப் பத்தாண்டுகளில் கருவியின் ரேம் 1 ஜிபியிலிருந்து 4 ஜிபியாகவும் சேமிப்பிடம் 8 ஜிபியிலிருந்து 64 ஜிபியாகவும் உயர்ந்தது உண்மை. ஆயினும் சட்டம் உறுதியளித்த நூறு நாளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல், உண்ணாமல் உடுத்தாமல் சேர்த்தால்தான் ஒரு கருவி. அறிவிக்கப்பட்ட கூலி முழுமையாகக் கைக்கு வருவதில்லை என்பதும், நூறு நாளும் வேலை கிடைப்பதில்லை என்பதும் கிராமத்து மக்கள் நன்கறிந்தவை.

இந்த 8,499 ரூபாயில் அரசின் பங்கு என்ன? செல்பேசிகள் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 2020 ஏப்ரலில் 12 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 2025 செப்டம்பரில் வரி விகிதங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது குளிரூட்டிக்கும் (ஏசி) பெரிய தொலைக்காட்சிக்கும் வரி குறைந்தது. செல்பேசிக்குக் குறையவில்லை. 8,499 ரூபாய்க்குள் ஏறத்தாழ 1,300 ரூபாய் வரியாகும். அதாவது நான்கு நாள் கூலி. லட்ச ரூபாய்ப் பேசிக்கும் இதே விழுக்காடுதான். தென்னாப்பிரிக்கா 2,500 ராண்டுக்குக் குறைவான திறன்பேசிகள் மீதிருந்த 9 விழுக்காட்டு ஆடம்பர வரியை 2025 ஏப்ரலில் நீக்கியது. ஏழையின் திறன்பேசி ஆடம்பரப் பொருளன்று என்பதை ஒரு நாட்டு அரசு ஏற்றுக்கொள்ள முடியுமெனில், இன்னொரு நாட்டு அரசுக்கும் அது இயலும்.

வாங்கியதோடு செலவு முடிவதில்லை. 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பின் ஏர்டெல்லின் மிகக் குறைந்த 28 நாள் திட்டம் 199 ரூபாயாயிற்று. 28 நாள் என்பதால் ஆண்டுக்கு 12 முறையன்று, 13 முறை பணம் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 2,587 ரூபாய். மூன்றாண்டுகளில் 7,761 ரூபாய். ஏறத்தாழ இன்னொரு திறன்பேசியின் விலை.

உலக அளவிலும் நிலை இதுவே. உலக மக்களில் 95 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் செல்பேசி இணைய அலை எட்டும் இடங்களில் வாழ்கின்றனர். ஆனால் ஜிஎஸ்எம்ஏ கணக்கின்படி அதைப் பயன்படுத்துவோர் 60 விழுக்காட்டுக்கும் குறைவு. அலை தலைக்கு மேல் இருந்தும் பயன்படுத்த இயலாதவர் 300 கோடிக்கும் மேற்பட்டோர். குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் மிக வறிய ஐந்தில் ஒரு பங்கினருக்கு, ஆகக் குறைந்த விலைத் திறன்பேசியே மாத வருவாயில் ஏறத்தாழ பாதியை விழுங்குகிறது. கோபுரம் நட்டாயிற்று, கருவியும் கடையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பது கூலி.

தரத்தை யார் தீர்மானிக்கிறார்கள்?

ஆப்பிரிக்கச் சந்தையில் டெக்னோ, ஐடெல், இன்பினிக்ஸ் ஆகிய பெயர்களில் விற்கும் டிரான்ஷன் நிறுவனம் முதலிடம் பிடித்த விதம் நமக்கு ஒரு பாடம். அதன் தலைமையகம் ஷென்சென். அந்நிறுவனம் கருமையான தோல் உடையவர்களின் முகம் தெளிவாகப் பதியும்படி ஒளிப்படக் கருவியைச் சீரமைத்தது. மின்தடை மிகுந்த ஊர்களுக்காக நீண்ட நேரம் தாங்கும் மின்கலத்தையும், கட்டணத்தைக் குறைக்கப் பல இணைப்புகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவோருக்காகக் கூடுதல் சிம் இடங்களையும் தந்தது. அதுவரை வெளுத்த முகத்தையே அளவுகோலாக வைத்த கருவிகள் ‘நல்ல தரம்’ என்று அழைக்கப்பட்டு வந்தன. வணிக நோக்கில்தான் செய்தார்கள். ஆயினும் பயன்படுத்துவோரின் வாழ்வை அறிந்து உருவாக்கும்போது மலிவும் தரமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது அதில் உறுதியாயிற்று.

இதற்கு நேர்மாறான சான்று நம் நாட்டில் உண்டு. மகாராட்டிரத்தில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு 2019இல் அரசு திறன்பேசிகளை வழங்கியது. 2 ஜிபி ரேம் கொண்ட அக்கருவிகளால், பின்னர் கட்டாயமாக்கப்பட்ட போஷன் டிராக்கர் செயலியைத் தாங்க முடியவில்லை. சூடேறின, உறைந்து நின்றன. பழுதுபார்க்கும் செலவு பணியாளரின் தலையில் விழுந்தது. 2021 ஆகத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் அக்கருவிகளை அரசு அலுவலகங்களில் திருப்பிக் கொடுத்துப் போராடினர். செயலியை எழுதியவர் எந்தப் பேசியில் அதைச் சோதித்துப் பார்த்தார் என்பது சிறிய கேள்வி போலத் தோன்றலாம். அந்தக் கேள்வியை எவரும் கேட்காததால் ஒரு மாநிலத்தின் பணியாளர்கள் தெருவுக்கு வரவேண்டியதாயிற்று.

வீட்டில் உண்டு, கையில் இல்லை

இந்தியக் குடும்பங்களில் 85.5 விழுக்காட்டில் குறைந்தது ஒரு திறன்பேசியேனும் உள்ளது என 2025இல் வெளிவந்த தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் ஆய்வு கூறுகிறது. இந்த எண்ணைக் காட்டி, இடைவெளி மூடிவிட்டது என்று கூறுவோர் உள்ளனர். குடும்பம் என்னும் அலகு, குடும்பத்துக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை மறைத்துவிடும். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், தாமே பயன்படுத்தும் செல்பேசி உள்ள பெண்கள் 54 விழுக்காட்டினர் மட்டுமே. அதுவும் எந்தச் செல்பேசியாயினும் சேர்த்துக் கணக்கிட்ட எண்.

பெருந்தொற்றுக் காலம் இதை அப்பட்டமாகக் காட்டியது. 2020 ஜூன் 1 அன்று, இணையவழி வகுப்புகள் தொடங்கிய நாளில், கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் தலித் மாணவி ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வீட்டில் தொலைக்காட்சி பழுது, திறன்பேசி இல்லை. எழுத்தறிவில் முன்னணியில் இருக்கும் மாநிலத்தில் இது நடந்தது. 2021 ஆகத்தில் பொருளாதார அறிஞர்கள் ஜான் திரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் வறிய குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1,400 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், கிராமப்புறத் தலித், பழங்குடிக் குழந்தைகளில் 4 விழுக்காட்டினரே தொடர்ந்து இணையவழியில் படித்தனர். ஏனைய கிராமப்புறக் குழந்தைகளில் இது 15 விழுக்காடு. கிராமங்களில் திறன்பேசி இருந்த வீடுகளிலும் 15 விழுக்காட்டுக் குழந்தைகளே தொடர்ந்து படித்தனர். பேசி வேலைக்குப் போகும் பெரியவரோடு காலையில் வெளியே போய்விடும், இரவில்தான் திரும்பி வரும்.

ஏழ்மை ஒரே காரணம் என்று கொண்டால் சாதியும் ஆணாதிக்கமும் நம் கண்ணிலிருந்து தப்பிவிடும். 2019 ஜூலையில் குசராத்தின் பனாஸ்காண்டா மாவட்டத்தில் ஒரு சாதியின் கூட்டம், மணமாகாத பெண்கள் செல்பேசி வைத்திருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. சாதி மறுப்பு மணங்களைத் தடுப்பதே அதன் உள்நோக்கம். அகமணமே சாதியின் உயிர்நாடி என்று அண்ணல் அம்பேத்கர் 1916ஆம் ஆண்டிலேயே நிறுவிக்காட்டினார். பெண்ணின் கையிலுள்ள பேசி அந்த உயிர்நாடியைத் தொடுவதால்தான் சாதிக் கூட்டங்களுக்கு அதன்மேல் இத்தனை அச்சம். விலை எவ்வளவு குறைந்தாலும் இந்தத் தடை குறையாது.

அதே 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், கல்லூரி விடுதியில் செல்பேசிக் கட்டுப்பாட்டை எதிர்த்ததால் வெளியேற்றப்பட்ட மாணவியின் வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் பகுதி என்றும் தனியுரிமையின் பகுதி என்றும் தீர்ப்பளித்தது. மாணவர்கள் இத்தீர்ப்பை அறிந்து வைத்திருப்பது நல்லது.

கட்டாயமாகும் கருவி, கைவிடப்படும் மக்கள்

சந்தை ஒருவருக்குத் திறன்பேசியை மறுத்தால் அது பற்றாக்குறை. திறன்பேசி இல்லாதவருக்கு அரசு கூலியை மறுத்தால் அது அநீதி. 2023 சனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் தளங்களில் என்எம்எம்எஸ் செயலி வழியாக நாளுக்கு இருமுறை, நேரமும் இடமும் பதியும் ஒளிப்படத்தோடு வருகைப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. அதற்கான திறன்பேசியையும் தரவுச் செலவையும் பணித்தளப் பொறுப்பாளரே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. படம் ஏறவில்லையெனில் உழைத்த நாள் உழைக்காத நாளாகிவிடும். அவ்வாண்டு பிப்ரவரியில் தொழிலாளர்கள் தில்லி ஜந்தர் மந்தரில் நூறு நாள் அறப்போராட்டத்தைத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தைப் புதிய சட்டம் எடுத்துக்கொண்டது. ஆனால் மின்னணு வழிக் கண்காணிப்பு போகவில்லை, இன்னும் அழுத்தமாக எழுதப்பட்டுள்ளது.

நீதிமன்றங்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. 2021 மே மாத இறுதியில் தடுப்பூசிக்குக் கோவின் தளத்தில் மட்டுமே பதிய வேண்டும் என்னும் விதியை, இணையம் எட்டாத மக்களை முன்னிறுத்தி உச்ச நீதிமன்றம் கேள்விக்கு உட்படுத்தியது. 2025 ஏப்ரல் 30 அன்று மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் உள்ளடக்கம் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்றுத்திறனாளிகளும் அமிலத் தாக்குதலில் பாதிக்கப்பட்டோரும் நடத்திய வழக்கு அது. கண் சிமிட்டி அடையாளம் காட்டச் சொல்லும் செயலி, கண்ணிழந்தவரை மனிதராகவே கணக்கில் கொள்ளவில்லை என்பதை அவர்கள் நிறுவினர். ஒடுக்கப்பட்டோரின் இயக்கங்கள் அத்தீர்ப்பைத் தமக்கும் உரிய கருவியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கைக்கு வந்த பின்

திறன்பேசி ஒடுக்கப்பட்டோருக்கு என்ன தந்திருக்கிறது என்பதையும் நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. 2016 ஜூலையில் குசராத்தின் ஊனாவில், இறந்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தவர்கள், தம் வீரத்தைப் பறைசாற்றத் தாமே அதைப் படம்பிடித்துப் பரப்பினர். அந்தக் காணொளியே அவர்களுக்கு எதிரான சான்றாயிற்று. நாடெங்கும் எழுச்சி மூண்டது. பெரிய ஊடகங்கள் எட்டிப்பார்க்காத இடங்களில் தலித் கேமரா போன்ற முயற்சிகள் எளிய கருவிகளோடு மக்களின் வாய்மொழியைப் பதிவு செய்தன.

ஆனால் கருவி கையில் இருப்பதே குற்றமாகும் ஊர்களும் உண்டு. 2015 மேயில் மகாராட்டிரத்தின் சீரடியில், அம்பேத்கரைப் போற்றும் பாடலை அழைப்பொலியாக வைத்திருந்த தலித் இளைஞர் ஒருவர் கொலை செய்யப்பட்டார். 2018 ஏப்ரல் 2 அன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நீர்த்துப்போனதை எதிர்த்துத் தலித் அமைப்புகள் நாடு தழுவிய முழு அடைப்பு நடத்தியபோது, பஞ்சாப், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்களின் பல பகுதிகளில் செல்பேசி இணையம் துண்டிக்கப்பட்டது. கணினியும் கம்பிவழி இணையமும் உள்ளவருக்கு அது இடையூறு மட்டுமே. செல்பேசி மட்டுமே உள்ளவருக்கு அது முழு இருட்டு. இணையத்தில் நிகழும் சாதி இழிவுரையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் என்று 2022 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது.

கடனில் வரும் பேசிக்கு வேறொரு முகம் உண்டு. கென்யாவின் எம்-கோபா போன்ற நிறுவனங்கள் நாள் தவணையில் திறன்பேசி தருகின்றன. தவணை தவறினால் கருவி தொலைவிலிருந்தே பூட்டப்படும். இந்தியாவிலும் அத்தகைய முறையை அனுமதிப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2025இல் ஆராயத் தொடங்கியது. வருகைப் பதிவும் வங்கிச் செய்தியும் மருத்துவமனை எண்ணும் அடங்கிய கருவியை, 500 ரூபாய் பாக்கிக்காக ஒரு நிறுவனம் பூட்டலாம் என்றால், அது கந்துவட்டிக்காரர் வீட்டுக் கதவைப் பூட்டியதற்கு எவ்வகையில் மேலானது?

உருவாக்குவோரையும் மறக்க இயலாது. திருப்பெரும்புதூரில் 2006இல் தொடங்கப்பட்ட நோக்கியா ஆலை ஒருகாலத்தில் உலகுக்கே மலிவுப் பேசிகளை அனுப்பியது. வரித் தகராறும் நிறுவனம் கைமாறியதும் சேர்ந்து 2014 நவம்பரில் அது மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள் வெளியேறினர். 2021 டிசம்பரில் அதே பகுதியில், விடுதி உணவால் தோழியர் நோயுற்றதை அடுத்துப் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். விலையைக் குறைக்கும் வழி உழைப்பவரின் கூலியைக் குறைப்பதாக இருப்பின், அந்த மலிவு நமக்கு வேண்டியதன்று.

நாம் கேட்க வேண்டியவை

தரமான மலிவுத் திறன்பேசி உலகெங்கும் பொதுவாகுமா என்னும் கேள்விக்கு நம் விடை இது. கருவி பொதுவாகும், ஏற்கெனவே பெருமளவு ஆகிவிட்டது. ஆனால் கடைசி 300 கோடிப் பேரைச் சந்தை தானாகச் சென்று சேராது. அவர்கள் யார் என்பதைக் கூலியும் சாதியும் பாலினமும் தீர்மானித்துக்கொண்டிருக்கும். அதை மாற்ற அரசியல் வேண்டும். நாம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் சில:

1. திறன்பேசி இல்லை என்பதற்காக எவருடைய கூலியும், உணவுப்பொருளும், உதவித்தொகையும் மறுக்கப்படக் கூடாது. தாள் வழி மாற்று முறை சட்டத்தால் உறுதி செய்யப்பட வேண்டும்.

2. ஒரு செயலியை அரசு கட்டாயமாக்கினால் கருவி, தரவு, பழுதுச் செலவு ஆகியவற்றை அரசே ஏற்க வேண்டும். சந்தையிலுள்ள ஆக மலிவான பேசியில், இணையமற்ற இடத்திலும் இயங்குமாறு செயலி வடிவமைக்கப்பட வேண்டும்.

3. பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைவான திறன்பேசிகளுக்கு வரி குறைக்கப்பட வேண்டும்.

4. தவணை தவறினால் கருவியை முடக்கும் முறை தடை செய்யப்பட வேண்டும். மென்பொருள் புதுப்பிப்பும் உதிரிபாகமும் குறைந்தது ஐந்தாண்டுகள் கிடைக்க வேண்டும்.

5. திறன்பேசி உடைமை பற்றிய கணக்கெடுப்பு குடும்ப அளவில் நின்றுவிடாமல் தனிநபர், சாதி, பாலின வாரியாக வெளியிடப்பட வேண்டும்.

6. ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல விடுதிகள் அனைத்திலும் கட்டணமற்ற இணையமும் பொதுக் கணினிகளும் வேண்டும். 2011இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தை 2025–26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கென மீண்டும் அறிவித்த மாநிலத்துக்கு இது இயலாத ஒன்றன்று.

1907 சூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ஒரு வார இதழைத் தொடங்கினார். அதன் விலையையே பெயராக்கி ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று அழைத்தார். மலிவு விலை அவருக்கு ஒரு வழி. ஒடுக்கப்பட்டோர் தம் வரலாற்றைத் தாமே எழுதித் தாமே வாசிப்பது நோக்கம். இன்றைய மலிவுத் திறன்பேசியையும் நாம் அவ்வாறே மதிப்பிட வேண்டும். நம் மக்கள் அதைக் கொண்டு கூலியைக் கேட்கவும், கொடுமையைப் பதியவும், படிக்கவும், எழுதவும் முடிகிறதா என்பதே அளவுகோல். மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் தத்தம் ஊரில் முதலில் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு: எத்தனை வீட்டில் பேசி இருக்கிறது என்று எண்ணுவதோடு நில்லாமல், எத்தனை பெண்களின், எத்தனை மாணவர்களின் கையில் அது இருக்கிறது என்று எண்ணுங்கள்.